தோள் சரியாக இருந்தால் வாங்கு

போடிநாயக்கனூர்,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மலர்விழிக்கு,

சித்தப்பா எழுதுவது. மழை விடாமல் பெய்கிறது, கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடுகிறது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு பழைய கோட்டுகளின் படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் நாலு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கங்களைப் படம் பிடித்து உன் தம்பி அனுப்பி வைப்பான்.

உனக்கு அவசரமாக வேண்டிய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழுப்பு நிறக் கோட்டை வாங்கு. சாம்பல் நிறத்தை விட்டுவிடு. காரணம் பின்னால் வரும். அதற்கு முன்னால் உன் அம்மா, என் மதினி விஷயம்.

மதினி நேற்று கடைக்கே வந்துவிட்டார்கள். "படிக்கப் போன ஊர்ல செத்தவன் சட்டையை எடுத்துப் போடுறேங்குறா தம்பி, நீங்களாவது சொல்லுங்க" என்று கண் கலங்கினார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. நீ இருக்கும் அமெரிக்காவில் வீட்டுப் பெரியவர் இறந்தால் பிள்ளைகள் அலமாரியைக் காலி செய்து குட்வில், சால்வேஷன் ஆர்மி போன்ற கடைகளுக்குப் பெட்டி பெட்டியாகக் கொடுத்துவிடுவார்கள். நல்ல பழைய கோட்டுகள் பலவும் அந்த வழியாகத்தான் வெளியே வருகின்றன. நம் பக்கத்தில் இறந்தவர் உடுத்தியதை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. அந்த வழக்கத்தில் வளர்ந்தவருக்கு மனம் கூசத்தான் செய்யும். அதற்காக நீ கோபிக்காதே.

ஆனால் நம்மிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடுவதில்லை. பெரியகுளம் ஆஸ்பத்திரியில் நீ பிறந்தபோது உன்னைச் சுற்றி எடுத்தது உன் அப்பத்தாவின் பழைய நூல்சேலை. மதினியே கேட்டு வாங்கி, வெந்நீரில் அலசிக் காயவைத்து, கிழித்து மடித்து வைத்திருந்தார்கள். தீர்க்காயுசாக வாழ்ந்த கிழவியின் துணி பட்டால் பிள்ளைக்கும் ஆயுசு என்று நம்பிக்கை. பல நூறு தடவை துவைத்த நூல் பச்சைப் பிள்ளையின் தோலை உறுத்தாது என்பது அதற்குள் இருக்கும் நியாயம். நேற்று இதை ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அதையும் வெந்நீர்ல அலசிப் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிச் சம்மதம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள். வெந்நீரில் மட்டும் போட்டுவிடாதே. கம்பளித் துணி சுருங்கித் தடித்துப் போகும். சுத்தம் செய்யும் முறையைக் கீழே எழுதுகிறேன்.

நம் பள்ளத்தாக்கில் கோட்டு என்றதும் பலருக்கும் பென்னிகுவிக் படம்தான் ஞாபகம் வரும். 1895-ல் பெரியாறு அணையை முடித்துத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டவர். கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று டீக்கடையிலும் வீட்டிலும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். லோயர் கேம்பில் மணிமண்டபமே இருக்கிறது. அது படத்தில் இருக்கிற கோட்டு. உடம்பில் ஏறுகிற கோட்டு யாருடையது என்று பார்த்தால், கல்யாண மாப்பிள்ளையை விட்டால் ஏலத்தோட்ட ஆட்களுடையதுதான்.

விடியும் முன்னே போடியிலிருந்தும் தேவாரம், கம்பம், கூடலூரிலிருந்தும் ஜீப்புகள் மலையேறுவதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவு தாண்டினால் வேறு நாடு, வேறு குளிர். ஏலச்செடி ஆளுக்கு மேலே வளர்ந்து நிற்கும். காய் எடுக்கிறவர்கள் செடியின் தூரில் குனிய வேண்டும். இலையில் தேங்கிய தண்ணீரெல்லாம் அவர்கள் முதுகில்தான் கொட்டும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, சட்டைக்கு மேல் மகனின் பள்ளிக்கூட ஸ்வெட்டர், அதற்கும் மேல் யாரோ கொடுத்த கோட்டு என்று போட்டுக்கொண்டுதான் பெண்கள் அந்தக் குளிரைத் தாங்குகிறார்கள். அதில் ஒன்றாவது கடையில் புதிதாக எடுத்ததாக இருக்காது. வருடம் முழுக்க என் மிஷினில் ஓடுவது இந்த வேலைதான். ஜிப் மாற்றுவது, முழங்கைக்கு ஒட்டுப் போடுவது, ஆம்பளைக் கோட்டின் கையைக் குறைப்பது. யார் போட்ட துணி என்று ஒருத்தியும் கேட்டதில்லை. "பனி தாங்குமா, அடுத்த சீசன் வரைக்கும் வருமா" என்றுதான் கேட்பார்கள். கோட்டைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை எந்தத் துணிக்கடையிலும் நான் கேட்டதில்லை. ஆம்பளைக் கோட்டைப் பெண்பிள்ளை போடலாமா என்று நீ கேட்டிருந்தாய். அதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது.

நீ வாங்காவிட்டால் அந்தக் கோட்டு என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பார். விற்காத துணியைப் பெரிய பெரிய பொதிகளாகக் கட்டிக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். கம்பளித் துணியில் ஒரு பங்கு குஜராத்தின் காண்ட்லா துறைமுகம் வழியாக ஹரியானாவின் பானிப்பட்டுக்கு வந்து சேர்கிறது. பழைய உடுப்பை முழுசாக இந்தியாவுக்குள் கொண்டுவரக் கட்டுப்பாடு இருக்கிறது. மறுபடி உடுத்த முடியாதபடி கிழித்த கந்தலாகத்தான் தாராளமாக வரலாம். அங்கே பெண்கள் நட்டு வைத்த கத்திக்கு முன்னால் உட்கார்ந்து லேபிள், பட்டன், ஜிப், லைனிங் எல்லாவற்றையும் அறுத்து எடுக்கிறார்கள். மிஞ்சிய துணியை நிறம் நிறமாகப் பிரித்து, இயந்திரத்தில் பிய்த்துப் பஞ்சாக்கி, மறுபடி நூற்றுக் கம்பளி நெய்கிறார்கள். இந்தத் தொழில் 1813-ல் இங்கிலாந்தின் பேட்லியில் பெஞ்சமின் லா என்பவர் தொடங்கி வைத்தது. மேக்னா குப்தா 2012-ல் எடுத்த 'அன்ராவல்' என்ற ஆவணப்படத்தில் பானிப்பட்டுப் பெண்கள் பேசுவதைப் பார்த்தால் மனம் கனத்துப்போகும். இத்தனை நல்ல துணியை ஏன் எறிகிறார்கள், அந்த ஊரில் துவைக்கத் தண்ணீர் கிடைக்காதோ என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். போடி கடைத்தெருவில் மலைக்குப் போகிறவர்கள் வாங்கும் சாம்பல் நிறக் கம்பளியில் பலவும் பானிப்பட்டுச் சரக்குதான். கந்தலாகி, பஞ்சாகி, போர்வையாகி எப்படியும் நம் ஊருக்கு வரக்கூடிய கம்பளி அது. காஜாவும் காலரும் உயிரோடு இருக்கும்போதே நீ எடுத்துப் போட்டுக்கொள்வதில் தீட்டு எங்கே வந்தது? மதினியிடம் இதையும் சொல்லியிருக்கிறேன்.

போடித் தையற்காரனுக்கு அமெரிக்கக் கோட்டைப் பற்றி எப்படி இவ்வளவு தெரியும் என்று உன் தோழி கேட்டாளாமே. கொடைக்கானலில்தான் தெரிந்துகொண்டேன். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே பஜாரில் ஒரு கட்டிங் மாஸ்டரிடம் வேலை பார்த்தேன். அந்த மலை ஊரையே அமெரிக்கர்கள்தான் உண்டாக்கினார்கள் என்று சொல்லலாம். 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் காலராவிலும் காய்ச்சலிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். தப்பிக்க இடம் தேடி 1845-ல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். மோட்டார் ரோடு வராத அந்தக் காலத்தில் மேலே ஏறிய பாதை நம் பெரியகுளத்துப் பக்கமிருந்துதான் போனது. ஆட்களையும் பெட்டிகளையும் நம் ஊர்க்காரர்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். அமெரிக்கக் கம்பளிக் கோட்டு நம் மாவட்டத்து வழியாக மலையேறியது அப்போதே.

1901-ல் தொடங்கிய அவர்களின் பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. நான் வேலை பார்த்த நாளில் அங்கிருந்த ஆசிரியர்கள் பழைய ட்வீட் கோட்டுகளைச் சரிசெய்யக் கொண்டு வருவார்கள். லைனிங் கிழிந்திருக்கும், முழங்கை தேய்ந்திருக்கும். அப்பா போட்டது, மாமனார் போட்டது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒரு டீச்சர் பக்கத்திலேயே நின்று லேபிள் ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார். அவருடைய பாட்டி மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரத்துக் கம்பளி மில்லில் வேலை பார்த்தவர். இப்போது நீ இருக்கும் ஊஸ்டரிலிருந்து லாரன்ஸ் தூரமில்லை. அந்த ஊரைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

இனி கோட்டைப் பார்க்கும் விதம்.

தோள்தான் கோட்டு. தோளில் தவறினால் எந்த மாஸ்டராலும் காப்பாற்ற முடியாது. தோளைப் பிரித்துத் தைப்பதென்றால் கையைக் கழற்ற வேண்டும், காலரை எடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் கான்வாஸைக் குறைக்க வேண்டும். புதுக் கோட்டே தைத்துவிடலாம். கண்ணாடி முன் நின்று போட்டுப் பார். தோள் தையல் உன் தோள் எலும்பு முடிகிற இடத்தில் வந்து நிற்க வேண்டும். உள்ளே ஸ்வெட்டர் போடப்போகிறாய் என்பதால் அரை இன்ச் இறங்கினாலும் பரவாயில்லை. அதற்கு மேல் இறங்கினால் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடு, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அடுத்தது காலர். கழுத்தோடு படிந்து, சட்டைக் காலர் கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும். முதுகில் விலகி நின்றால் அந்தக் கோட்டு வேறு உடம்புக்கு வெட்டியது.

மார்பளவுக்குக் கோட்டைப் படுக்கப் போட்டு, பட்டன் போட்டு, அக்குளிலிருந்து அக்குள் வரை டேப் பிடி. அதை இரட்டித்தால் வருவது உன் உடம்பளவைவிட நாலு இன்ச் கூட இருக்கட்டும். இடுப்பு தொளதொளவென்று இருந்தால் கவலைப்படாதே. பக்கத் தையலிலும் முதுகுத் தையலிலும் பிடித்துவிடலாம். கை நீளத்தையும் சரிசெய்யலாம். அநேகக் கோட்டுகளில் கைப்பட்டன் வெறும் அலங்காரம்தான், காஜா வெட்டியிருக்காது. அதனால் கைமுனையிலிருந்தே குறைக்கலாம். மொத்த நீளத்தில் மட்டும் ஒரு இன்ச்சுக்கு மேல் கை வைக்கக் கூடாது. பாக்கெட் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும், பார்க்க நன்றாக இராது.

இப்போது கோட்டை உள்புறம் திருப்பு. கடைக்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார். பழைய அமெரிக்கக் கோட்டுகளில் எனக்குப் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. கைமுனையிலும் பக்கத் தையலிலும் உள்ளே ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் துணி மடித்து விட்டிருப்பார்கள். போடுகிறவர் பருக்கலாம், இளைக்கலாம், மகனுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்து விட்ட துணி அது. இன்றைக்குத் தொழிற்சாலையில் வெட்டுகிறவர்கள் அந்தத் துணியையும் மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். ஓவர்லாக் தையலுக்கு வெளியே நூல்கூட மிஞ்சாது. ஒரு கோட்டை ஒரே ஆளுக்காகத் தைத்தார்களா, பின்னால் வரப்போகிறவருக்கும் சேர்த்துத் தைத்தார்களா என்பதை அந்த ஒரு இன்ச் மடிப்பு சொல்லிவிடும். பழைய கோட்டை வாங்கச் சொல்வதற்கு என்னிடம் உள்ள முதல் காரணமே இதுதான்.

பிறகு முன்பக்கத்தைக் கிள்ளிப் பார். கடைசிக் காஜாவுக்குப் பக்கத்தில் வெளித்துணியை ஒரு விரலாலும் உள்துணியை ஒரு விரலாலும் பிடித்து மெல்லப் பிரி. நடுவில் மூன்றாவதாக ஒன்று தனியாக நகர்வது விரலுக்குத் தெரிந்தால் அது கான்வாஸ், கையால் தைத்துச் சேர்த்தது. அந்தக் கோட்டு உடம்புச் சூட்டில் உடம்போடு படியும். ஒன்றும் நகராமல் அட்டை போல இருந்தால் பசை போட்டு ஒட்டியது. ஒட்டியதெல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வருடங்கள் போனால் பசை விட்டுப்போய் லேப்பலில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், அதற்கு வைத்தியம் இல்லை. நீ அனுப்பிய சாம்பல் நிறக் கோட்டின் இடது லேப்பலில் அந்தக் கொப்புளம் தெரிகிறது. அதன் லேபிளில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர் என்றும் போட்டிருக்கிறது. தோளும் உனக்கு வெளியே போகிறது. அதனால்தான் விடச் சொன்னேன்.

பூச்சி அரித்ததா என்று பார்க்கக் கோட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடி. காலரின் அடிப்பக்கம், பாக்கெட் மூடிக்குக் கீழே, அக்குள் ஆகிய இடங்களில்தான் முதலில் அரிக்கும். மிளகு அளவில் ஓரிரண்டு ஓட்டை இருந்தால் உள்ளே மடித்து விட்ட துணியிலிருந்து நூல் உருவி நெய்து அடைத்துவிடலாம். ட்வீட்டின் சொரசொரப்பில் அது தெரியவே தெரியாது. அதற்கு மேல் இருந்தால் வேண்டாம். முழங்கை தேய்ந்திருந்தால் தோல் ஒட்டுப் போடலாம். லைனிங் கிழிந்திருந்தால் விலை பேசு, கோட்டை விடாதே. லைனிங் மாற்றுவது என் வேலை. அந்துருண்டை வாடை ஏறிய கோட்டு என்றால் கொஞ்சம் யோசி, லேசில் போகாது.

லேபிள் விஷயத்துக்கு வருகிறேன். பழுப்புக் கோட்டில் உருண்டையும் அதன் மேல் சிலுவையும் போட்ட முத்திரை ஒன்று இருக்கிறதே, அது ஹாரிஸ் ட்வீட் முத்திரை. ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலில் இருக்கும் தீவுகளில் நெசவாளர்கள் தங்கள் வீட்டிலேயே காலால் மிதித்து ஓட்டும் தறியில் நெய்த துணி. அந்தத் தீவுகளில் சாயம் போட்டு நூற்ற கம்பளியை அந்தத் தீவுக்காரர்கள் தங்கள் வீட்டில் கையால் நெய்து அங்கேயே முடித்தால்தான் அந்தப் பெயர் போடலாம் என்று 1993-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சட்டமே போட்டார்கள். முத்திரை அதற்கும் பழையது, 1911-லிருந்து துணியில் குத்துகிறார்கள். 1966-ல் மட்டும் 76 லட்சம் கெஜம் நெய்திருக்கிறார்கள். அதற்கு அமெரிக்கா பெரிய சந்தை. துணியை அங்கிருந்து வரவழைத்து அமெரிக்காவிலேயே வெட்டித் தைத்தார்கள். உன் ஊர்க் கடைகளில் இன்னமும் அவை கிடைப்பதற்கு அதுதான் காரணம். ஆண்டிபட்டிப் பக்கம் தறிக்காரர் வீட்டில் நாம் கேட்டு வளர்ந்த சத்தம் அந்தத் தீவு வீடுகளிலும் கேட்கும் என்று நினைக்கும்போது எனக்கு அந்தத் துணி மேல் பிரியம் கூடிப்போகிறது.

படத்தில் பழுப்பாகத் தெரிகிறதே, கையில் எடுத்து ஒரு நூலை உற்றுப் பார். பச்சை இருக்கும், ஆரஞ்சு இருக்கும், நீலம்கூட இருக்கும். ஆட்டு ரோமத்துக்கு நூற்பதற்கு முன்பே சாயம் போட்டு, நாலைந்து நிறத்தைக் கலந்து நூற்பதால் ஒரே இழைக்குள் அத்தனை நிறமும் வரும். ரோமமும் மொரமொரப்பான ரகம். ட்வீட்டுக்குப் பேர்போன ஸ்காட்லாந்துச் செவியட் ஆட்டின் ரத்தம் நம் நீலகிரி ஆட்டில் கலந்திருக்கிறது என்பது உனக்குத் தெரியுமா? வெள்ளைக்காரர் காலத்தில் கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோவையும் செவியட்டையும் சேர்த்து உண்டாக்கிய இனம் அது. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரிலும் 1965-லிருந்து மத்திய அரசின் ஆட்டு ரோம ஆராய்ச்சிப் பண்ணை நடக்கிறது. நீ ஊருக்கு வரும்போது கூட்டிக்கொண்டு போகிறேன்.

உள்பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார், ஒரு சின்னத் துணி லேபிள் தட்டுப்படும் என்று நேற்று சொன்னேன். நீயும் பார்த்துப் படம் அனுப்பினாய். 'அமால்கமேட்டட் க்ளோத்திங் ஒர்க்கர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்று இருக்கிறது. 1914-ல் தொடங்கிய தையல் தொழிலாளர் சங்கம். சங்கத்து ஆட்கள் சங்கக் கூலிக்குத் தைத்தது என்பதற்கு அத்தாட்சியாக அந்த லேபிளைக் கோட்டுக்குள் வைத்தார்கள். 1976-ல் அந்தச் சங்கம் நூற்பு நெசவுத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து பெயர் மாறிவிட்டது. ஆகவே கோட்டு அதற்கு முந்தியது. துவைக்கும் முறை சொல்லும் லேபிளை 1972 ஜூலையிலிருந்து அமெரிக்காவில் கட்டாயமாக்கினார்கள். உன் கோட்டில் அது இல்லை, பிய்த்த தடமும் இல்லை. அநேகமாக அதற்கும் முந்தியதாகத்தான் இருக்கும். உன் அப்பாவுக்கு மீசை முளைப்பதற்கு முன் தைத்த கோட்டு. வெளித்துணி இன்னும் முறுக்கோடு இருக்கிறது.

வெட்டும் நல்ல வெட்டு. முன்பக்கம் இடுப்பில் டக் பிடிக்காமல், தோளில் பஞ்சு திணிக்காமல் நேராக இறங்குகிறது. நியூயார்க்கில் 1818-ல் தொடங்கிய ப்ரூக்ஸ் பிரதர்ஸ், நியூ ஹேவனில் 1902-ல் தொடங்கிய ஜே. பிரஸ் போன்ற கடைகள் வளர்த்த பாணி இது. பஞ்சு இல்லாத தோள் என்பதால்தான் பெண்பிள்ளை உனக்கும் உறுத்தாமல் உட்காருகிறது. அதே ப்ரூக்ஸ் பிரதர்ஸ் 1958-க்குப் பிறகு கோடைக்கு விற்றது என்ன தெரியுமா? நம் மதராஸ் கட்டம் போட்ட துணி. துவைத்தால் சாயம் போகிற துணியைச் சொல்லாமல் விற்றுவிட்டு, வாங்கியவர்கள் சண்டைக்கு வர, பிறகு சாயம் போவதையே அதன் சிறப்பாக விளம்பரம் செய்து விற்றார்கள். ஒரே அலமாரியில் குளிருக்கு ஸ்காட்லாந்துக்காரர் நெய்தது, வெயிலுக்குத் தமிழர் நெய்தது. மேலே மட்டும் அவர்கள் பெயர்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது. வீட்டுக்குள் மற்றத் துணிகளோடு வைக்காதே. பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் போகாமல் கட்டி, ஃப்ரீசரில் நாலு நாள் வை. பூச்சியும் முட்டையும் செத்துவிடும். எடுத்த பிறகு உடனே பையைத் திறக்காதே, குளிர் தணியட்டும். அப்புறம் நல்ல ட்ரைகிளீனிங்கில் ஒரே ஒரு தடவை கொடு. மதினி கேட்ட வெந்நீருக்குப் பதிலாக அது. அதன்பிறகு அடிக்கடி கொடுக்காதே, கம்பளியின் எண்ணெய்ப் பசை போய்விடும். போட்டுக் கழற்றியதும் பிரஷ் பண்ணி, அகலத் தோள் ஹேங்கரில் காற்றாட மாட்டு. நனைந்தால் ஹீட்டர் பக்கத்தில் காயப்போடாதே. பனி கொட்டும் மாதத்துக்கு இது ஒன்று போதாது, மேலே பெரிய கோட்டு வேண்டும். வகுப்புக்கும் வாரக் கடைசிக்கும் மார்ச் வரை தாங்கும். இருபத்தைந்து டாலர் சொல்கிறார்கள் என்றாய். பேரம் பேசாமல் கொடுத்துவிடு.

கை நீளம் முக்கால் இன்ச் கூட இருக்கிறது. அங்கே யாரிடமும் வெட்டக் கொடுக்காதே. இப்போதைக்கு உள்ளே மடித்து நூலோட்டிக்கொள். ஊருக்கு வரும்போது எடுத்து வா, நான் பிரித்துத் தைத்துத் தருகிறேன். மடித்த துணியை வெட்டாமல் உள்ளேயே விட்டு வைப்பேன்.

கடைசியாக லாரன்ஸ். 'அமெரிக்கன் வூலன் கம்பெனி' அங்கே நடத்திய மில்கள் உலகத்திலேயே பெரியவற்றில் சேர்ந்தவை. இத்தாலி, போலந்து, லித்துவேனியா, சிரியா என்று பல தேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் வேலை பார்த்தார்கள், பெண்களும் பிள்ளைகளும் நிறைய. 1912 ஜனவரியில் வாராந்திர வேலை நேரத்தை 56 மணியிலிருந்து 54 ஆகச் சட்டம் குறைத்தது. முதலாளிகள் அந்த இரண்டு மணிக் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். கொட்டும் பனியில் இருபதாயிரம் பேருக்கு மேல் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். பட்டினி தாங்காமல் பிள்ளைகளை நியூயார்க்குக்கு அனுப்பியபோது கூட்டிப் போனவர்களில் மார்கரெட் சாங்கர் என்ற நர்ஸும் ஒருவர். 119 பிள்ளைகளில் 4 பேருக்குத்தான் உள்ளாடை இருந்தது என்று அவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். தேசத்துக்கே கம்பளித் துணி நெய்து கொடுத்தவர்களின் பிள்ளைகள்! மார்ச் மாதம் தொழிலாளர்கள் ஜெயித்தார்கள், கூலி உயர்ந்தது. அந்த டீச்சர் இதைச் சொன்ன நாளிலிருந்து மலை ஜீப்பில் ஏறும் நம் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வருகிறது. உன் கோட்டின் உள்பாக்கெட்டில் இருக்கும் சங்க லேபிள் இப்படிப்பட்ட போராட்டங்கள் நடந்த காலத்தில் பிறந்தது. அதை அழகு லேபிள் என்று நினைத்துப் பிய்த்துவிடாதே.

லாரன்ஸில் அந்த மில் காலத்தைக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்றை அரசு நடத்துகிறது. லாரன்ஸ் ஹெரிட்டேஜ் ஸ்டேட் பார்க் என்று கேள். ஒரு சனிக்கிழமை கோட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கு விவரமாக எழுது. மில் கட்டடங்களையும் தறி இருந்தால் தறியையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. மதினியிடம் நான் பேசிக்கொள்கிறேன். கடை மூடுவதற்குள் நாளைக்கே போய் வாங்கிவிடு.

அன்புடன்,
சித்தப்பா